காலுக்கு ஒரு பலகை

முழங்கால் வலிக்காகப் போன மாதம் என் பழைய புல்லட்டில் இரண்டு பக்கமும் கால் பலகை பூட்டினேன். கியர், பிரேக்கில் பாதம் தடையில்லாமல் போய்வர வேண்டும். திருப்பத்தில் தரையில் உரசினால் பலகை மேலே மடங்க வேண்டும். இவ்வளவும் பார்த்துச் செய்த மெக்கானிக் தம்பி, "ஐயா, இது புது ஃபேஷன்" என்றார். எனக்குப் பழைய கதை நினைவுக்கு வந்தது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலை திருவொற்றியூரில். புடவை கட்டிய நம் பெண்கள் பின்னால் இடப்பக்கமாக ஒருக்களித்து உட்காருவார்கள். புல்லட்டின் செயினும் இடப்பக்கம்தான். அதனால் பட்டறைகளில் கம்பி வளைத்துச் சேலை கார்டும், இரு பாதமும் வைக்க ஒரு பலகையும் பூட்டிக்கொள்வோம்.

நான் பூட்டவில்லை. 1979-ல் புதுச்சேரியிலிருந்து தீபத்துக்கு வரும்போது, செஞ்சி தாண்டியதும் என் மனைவியின் முந்தானை சக்கரத்தில் சிக்கியது. மெதுவாகப் போனதால் தோளில் அடியோடு பிழைத்தாள். கம்பி போடச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சம்பளம் வரட்டும்" என்று தள்ளிப்போட்டவன் நான்.

பிறகு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி வந்தது. பின்னால் ஆள் ஏறும் வண்டிக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு, மூன்றும் கட்டாயம்.

நான் ஃபிரெஞ்சில் படித்தவன். கால் வைக்கும் இடத்தை அவர்கள் 'ரெபோஸ்-பியே' என்பார்கள். பாதம் இளைப்பாறும் இடம். இப்போது இருவரும் கூட்டமில்லாத நாட்களில் கிரிவலப் பாதையில் போய்வருகிறோம். ஏறியதும் அவள் முதலில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறாள். எதற்கென்று நான் கேட்பதில்லை.