திறக்காத ஃபோல்டருக்கு ஒரு வரலாறு

கேர்னலைப் புதுப்பித்த அடுத்த நாள், நேற்று வரைக்கும் திறந்த நெட்வேர்க் ஃபோல்டர் திறக்காது. மவுண்ட் தெரிவில் ஏதோ பிழை என்று ஒரு வரி மட்டும் வரும். ஸ்கான் செய்து வைத்த பழைய பத்திரிகைகள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன என்றால், எல்லாம் போச்சுது என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் ஒன்றும் போகவில்லை. இந்தப் பிழைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கலைப்பீடத்துக்காரரான நாங்கள் அதைத் தேடி வாசித்தோம்.

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எப்எஸ்ஸை உருவாக்கியது. இன்னொரு கணினியில் உள்ள கோப்பை எங்கட கணினியில் உள்ளது போலவே திறக்கலாம் என்பதுதான் யோசனை. யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்று சேர்வர் நினைவில் வைக்காது. அது விழுந்து எழும்பினாலும் கேட்டவர் திரும்பக் கேட்டால் போதும். இந்த எளிமைக்கு யூடீபி நன்றாகப் பொருந்தியது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று யூடீபி பார்க்காது, ஆனால் செலவு குறைவு.

சிக்கல் வேகத்தோடு வந்தது. 8 கிலோபைட் தரவு ஈதர்நெட்டில் ஒரே தடவையில் போகாது. 6 துண்டாக உடையும். எந்தத் துண்டு எந்தப் பொதிக்குரியது என்று காட்டும் அடையாள எண் 16 பிட் மட்டுமே, அதாவது 65,536 எண்கள். கிகாபிட் வேகத்தில் அவை சில செக்கன்களில் முடிந்து திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அப்போது ஒரு பொதியின் துண்டு இன்னொன்றோடு ஒட்டிவிடலாம். சரிபார்ப்பு எண் எல்லா நேரமும் இதைப் பிடிக்காது. கோப்பு திறக்கும், உள்ளடக்கம் மட்டும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். ஆவணம் சேர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பயங்கரம் வேறென்ன?

1995இல் மூன்றாம் பதிப்பு வந்தது. பின்பு டீசீபி மெல்ல மெல்ல வழக்கமானது. நான்காம் பதிப்பு யூடீபியைக் கைவிட்டது. கடைசியாக 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6, என்எப்எஸ்ஸுக்கான யூடீபியை இயல்பாகவே அணைத்து வைத்தது. பழைய கேர்னலிலிருந்து நேரே அதற்குப் பிந்தியதுக்குத் தாவுகிறவர் முட்டிக்கொள்வது இந்த முடிவோடுதான்.

அந்த முடிவு சரி என்றே நாங்கள் நினைக்கிறோம். பிழையான எழுத்தைத் தருகிற கதவைவிடப் பூட்டிய கதவு நல்லது. ஆனால் ஏன் பூட்டினோம் என்று அந்த ஒரு வரி சொல்லாததுதான் குறை. காரணம் கையேட்டில் இருக்கிறது, பதறுகிறவரின் திரையில் இல்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மவுண்ட் அமைப்பில் யூடீபி என்று எழுதியிருந்தால் டீசீபி என்று மாற்றிப் பாருங்கள். பல நேரம் அதோடு சரி. சேர்வர் பழசாகி யூடீபி மட்டும் தெரிந்ததாக இருந்தால், கணினியைத் தொடங்கும்போது பழைய கேர்னலைத் தெரிவு செய்து உள்ளே போங்கள். எல்லாவற்றையும் வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள். எடுத்தபிறகு சில பக்கங்களைத் திறந்து வாசித்தும் பாருங்கள். இத்தனை வருடமும் அவை வந்த வழி அந்த யூடீபிதானே.