மரக்குவளையும் மாத்திரையும்

மரத்திற் கடைந்த குவளையில் இரவு நீர் வார்த்து வைத்து, விடியலிற் பருகும் வழக்கத்தை நீங்கள் கண்டிருக்கக்கூடும். நீரிழிவுக்கு நன்று என்பது பழைய நம்பிக்கை. அம்மரக்கொடியைச் சிங்கள மக்கள் கொத்தல ஹிம்புட்டு என்பர். தமிழ் வைத்தியர் கூறும் பொன்கொரண்டி இனத்தது. படித்தவர் சிலர் இவ்வழக்கத்தைக் கண்டு நகைத்தனர். இக்கொத்மலையில் யானும் நகைத்தவனே.

1997ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ மருந்தியற் பல்கலைக்கழகத்தார் இக்கொடியிலிருந்து சலசினால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டில் பிறிதொன்று கிட்டிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் கொத்தலனால். நம் கிராம வைத்தியரின் வாய்ச்சொல் இங்ஙனம் இரசாயன நூலேறிற்று!

இது செய்யும் வேலை யாது? சோறும் ரொட்டியும் மாச்சத்து. மாச்சத்து அப்படியே குருதியிற் கலவாது. சிறுகுடற் சுவரிலுள்ள நொதியங்கள் அதனை வெட்டிக் குளுக்கோசாக்கிய பின்னரே உடல் ஏற்கும். சலசினாலோ சர்க்கரையின் சாயலுடையது. நொதியம் ஏமாந்து அதனைப் பற்றிக்கொள்ள, மெய்யான உணவை வெட்டும் வேலை தாமதிக்கின்றது. ஆகவே உண்ட பின் குருதிச் சர்க்கரை திடீரென ஏறாது, மெல்ல ஏறும்.

இதே வழியிற் செல்லும் மாத்திரை அக்கார்போஸ். கென்யாவின் கோப்பித் தோட்ட மண்ணிற் கிடைத்த நுண்ணுயிரின் வழியாக ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தார் 1970களில் இதனைக் கண்டனர். 1990இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்த மலையில் வாழும் நமக்கு, அம்மண் முற்றும் அந்நியமன்று.

2005இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில், 51 நோயாளர் இக்கொடி சேர்ந்த தேநீரை அருந்திய காலத்தில் குருதிச் சர்க்கரை சற்றே தணிந்திருந்தது. சற்றே என்பதை அழுத்திக் கூறுகிறேன். மாத்திரையை எறிந்துவிட்டுக் குவளையை நாடுவதற்கு அது சான்றாகாது. குவளை நீரில் மருந்து எவ்வளவு இறங்கிற்றென எவர் அளந்து தருவார்?

மாத்திரையிலும் தொல்லையுண்டு. வெட்டப்படாத மாச்சத்து பெருங்குடலின் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகி வயிற்றைப் பொருமச் செய்யும்.

இன்னொன்று. அக்கார்போசுடன் இன்சுலினோ, அதனைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையோ கொள்வோர்க்குச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் காணுமாயின், நம் வழக்கப்படி சீனித் தேநீர் கொடுத்தாற் போதாது. சீனியும் அந்நொதியமே வெட்டவேண்டிய பொருளன்றோ? குளுக்கோசே வேண்டும். அத்தகையார், வெறுந்தேநீரைக் குடித்துவிட்டுக் கொழுந்து கொய்ய மலையேறுவாராயின், ஒரு குளுக்கோசுப் பொட்டலத்தை மடியிற் கட்டிக்கொண்டு செல்வாராக.