மருத்துவப் பணியாளர் பயிற்சி: சான்றாய்வும் கேரள அனுபவமும்

மருத்துவர், செவிலியர் முதலியோருக்குப் பணிக்காலத்தில் அளிக்கப்படும் பயிற்சி உண்மையில் பலன் தருகிறதா என்பதை, பல ஆய்வுகளைத் திரட்டித் தரம் பார்த்து மதிப்பிடுவது சான்றாய்வு. கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் இது ஏட்டோடு நிற்கும் கேள்வி அல்ல. பிரசவ அறையில் ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால், போன மாதம் கேட்ட வகுப்பு கைக்கு வருகிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

பயிற்சியை அளக்க, டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு படிகளே இன்றும் பரவலாகக் கையாளப்படுகின்றன: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் மாறினாரா, அதனால் நோயாளிக்கு நன்மை கிடைத்ததா. நடைமுறையில் பெரும்பாலான பயிற்சிகள் முதல் இரண்டைத் தாண்டுவதில்லை. கருத்துப் படிவத்தை நிரப்பிச் சான்றிதழ் வாங்கிக் குழுப்படம் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

மூன்றாம் படியை அளந்தவர்களின் கணக்கு அடக்கமானது. கருத்தரங்கு, பயிலரங்கு ஆகியவற்றைப் பற்றி, சான்றாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் 2009-ஆம் ஆண்டு மீளாய்வு 81 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சரியான சிகிச்சைமுறையைப் பின்பற்றுவது இடைநிலை அளவில் 6 சதவீதப் புள்ளிதான் கூடியது. பணியாளரின் செயல்பாட்டைத் தணிக்கை செய்து அவருக்கே திருப்பிச் சொல்லும் முறை, 2012 மீளாய்வின்படி, 4.3 புள்ளி உயர்த்தியது. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைப் பற்றி 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த மீளாய்வில், அச்சிட்ட கையேட்டை மட்டும் கொடுப்பதால் ஏறக்குறைய ஒன்றுமே மாறவில்லை. பயிற்சியோடு மேற்பார்வையும் சேர்ந்தபோது பலன் சுமார் 18 புள்ளியாக இருந்தது.

நான்காம் படிதான் கடினம். உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் நடந்த ‘பெட்டர்பர்த்’ பரிசோதனையில், பாதி நிலையங்களின் ஊழியர்களுக்கு பிரசவப் பணியில் எட்டு மாதம் நேரில் வழிகாட்டினார்கள். இரண்டாம் மாதத்தில் அவர்கள் தேவையான செயல்களில் 72.8 சதவீதத்தைச் செய்தார்கள். மற்ற நிலையங்களில் 41.7. ஆனால் வழிகாட்டுதல் முடிந்த நான்காம் மாதத்தில் அது 61.7-க்கு இறங்கியது. தாய், சேய் மரணமும் தாய்க்கு நேரும் கடுமையான பாதிப்புகளும் சேர்ந்த விகிதம் 15.1 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 15.3. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

கேரளம் வேறு வழியில் வந்தது. மாநில மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான கே.எஃப்.ஓ.ஜி., 2004 முதல் பேறுகால மரணங்களை, யார் மீதும் பழி போடாமல், பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறது. முன்னணிக் காரணமாகத் தெரியவந்தது ரத்தப்போக்கு. அவசரகால மகப்பேற்றுப் பயிற்சிகளும், பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் உதவியோடு வகுத்த தர நெறிகளும் அதைத் தொடர்ந்து வந்தன. நடந்த மரணங்களிலிருந்தே பாடம் தேர்ந்தெடுக்கப்படுவதுதான் இந்த முறையின் பலம். மாநிலத்தின் பேறுகால மரண விகிதம் 2011–13-இல் லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 61, 2018–20-இல் 19. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத இடத்தில், இந்தச் சரிவில் பயிற்சியின் பங்கு இவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. அப்படிக் காட்டுபவரின் கணக்கைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

ரத்தப்போக்கு விஷயத்தில் பயிற்சி மட்டும் போதாது: கண்பார்வையில் ரத்த இழப்பைக் கணிக்கும்போது, கைதேர்ந்தவர்களும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கர்நாடகத்தின் பெலகாவியில் உருவான, அளவுக்கோடு அச்சிட்ட பிளாஸ்டிக் சேகரிப்பு விரிப்பு இதற்குத்தான். தாயின் அடியில் விரித்தால், ரத்தம் பையில் வடிந்து, எந்தக் கோட்டைத் தொட்டது என்று கண்ணெதிரே காட்டும். நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ‘இ-மோட்டிவ்’ பரிசோதனை, இத்தகைய விரிப்பையும் ஒரே தொகுப்பான சிகிச்சையையும் பயிற்சியையும் தணிக்கையையும் சேர்த்துக் கொடுத்தது. 2023-இல் வெளியான முடிவின்படி, கடும் ரத்தப்போக்கு, அதற்கான அறுவைச்சிகிச்சை, அதனால் மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் 1.6 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடையே 4.3.