யார் கஞ்சி வைத்தார்கள்?

1918 ஜூனில் பம்பாய்க் காவலர்கள் சிலர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் பணியிலிருந்தவர். இந்தியாவில் இன்ஃப்ளூயன்சாவின் கதையை இப்படித் தொடங்குவதுதான் வழக்கம். செப்டம்பரில் வந்த இரண்டாவது அலை ரயில் போன வழியெல்லாம் போனது. அந்த ஆண்டு மழையும் பொய்த்திருந்தது. இறந்தவர்கள் 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை என்கின்றன மதிப்பீடுகள். கணக்கெடுப்பு தொடங்கிய பின் நாட்டின் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-21தான்.

இந்தக் கணக்கில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பல நாடுகளில் அந்தக் காய்ச்சலுக்கு ஆண்களே கூடுதலாகப் பலியானார்கள். இந்தியாவில் பெண்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளே இதைக் கவனித்து எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. பஞ்ச காலத்தில் கடைசியாகச் சாப்பிட்டவள் பெண். படுத்தவர்களின் அருகிலேயே இருந்து கஞ்சி வைத்து, சளி துடைத்து, துணி துவைத்தவளும் அவளே. தனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் படுத்தாளா என்று எந்தப் பதிவேடும் சொல்வதில்லை.

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கொடியது. 1919இல் அமெரிக்காவில் ஹாரிஸ் என்ற மருத்துவர், ஃப்ளூ தாக்கிய சுமார் 1,350 கர்ப்பிணிகளைப் பற்றிய தகவல்களைத் தொகுத்தார். நான்கில் ஒருவருக்கு மேல் இறந்திருந்தார்கள். இது மாரியம்மன் கோபமுமல்ல, பலவீனமுமல்ல. கருவுற்ற உடலில் நோய் எதிர்ப்பு இயங்கும் விதம் மாறுகிறது, வளரும் கருப்பை நுரையீரலுக்கான இடத்தைக் குறைக்கிறது, இதயத்துக்கும் வேலை கூடுகிறது.

மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் 1933இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. 1940களில் தடுப்பூசி வந்தது, முதலில் யாருக்கு? அமெரிக்கப் படைவீரர்களுக்கு. போருக்குப் போகும் உடலைக் காப்பதில் அரசுகள் எப்போதுமே சுறுசுறுப்பு. 1957இல் ‘ஆசிய ஃப்ளூ’ சிங்கப்பூரிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்து நாடெங்கும் பரவியது. கர்ப்பிணிகளுக்கே முதல் முன்னுரிமை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல 2012 வரை ஆனது.

நம் வீடுகளில் மூக்கு ஒழுகினாலும் ‘ஃப்ளூ’, தும்மினாலும் ‘ஃப்ளூ’. சாதாரண ஜலதோஷம் மெல்ல வரும், பெரும்பாலும் ரைனோ வைரஸ் வேலை. ஃப்ளூ திடீரென்று அடித்துப் போடும்: காய்ச்சல், உடம்புவலி, எழ முடியாத அசதி. ஊசியால் ஃப்ளூ வரும் என்பது உண்மையல்ல. பரவலாகப் போடப்படும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ் அல்லது அதன் துண்டுகள். போட்ட கையில் வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். நோயை அது முழுதாகத் தடுத்துவிடாது, ஆனால் நிமோனியா வரை போகும் அபாயத்தைக் குறைக்கும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால் எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் போகிறது.

இருந்தும் இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இதற்கு இடமில்லை. மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்கள் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்ததுண்டு. மற்ற இடங்களில் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மாமியாருக்கும் பிள்ளைக்கும் போட்ட பிறகு, ‘எனக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்கிறாள் கஞ்சி வைப்பவள்.