ஆலைச் சம்பளமும் அடுப்படியும்

1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸின் முயற்சியால் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை எழுந்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பகுதிகளில் ஆலைகள் பெருகியபோது, வானம் பார்த்த பூமியில் சோளமும் கம்பும் விளைத்து ஜீவித்த கொங்குக் குடும்பங்கள் பல, மழையை எதிர்பாராத வருமானம் ஒன்றை முதன்முறையாகக் கண்டன. ஆயினும் அச்சம்பளம் உழைத்த நாளுக்கே உரியதாயிற்று. தாய்க்குப் பிரசவம் நேர்ந்தாலும், தந்தை ஜுரத்தில் படுத்தாலும், முதலில் குறைந்தது குழந்தையின் கஞ்சிதான்.

இதற்குப் பரிகாரமாக 1948-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பெற்று, 1955 ஜனவரியில் இன்றைய தமிழகப் பகுதியிலேயே முதலாவதாகக் கோவையில் அமலுக்கு வந்தது. சம்பளத்தில் சிறு பங்கு செலுத்திய தொழிலாளிக்கு வைத்தியமும், நோய்க்காலப் பணமும், பெண் தொழிலாளிக்குப் பிரசவகால உதவியும் எவர் தயவையும் நாடாத உரிமையாகக் கிட்டின. ஆலைநகர் அடைந்த பாக்கியங்களுள் இதையே நான் தலையாயதாக மதிக்கிறேன்.

ஆனால் அதே ஜில்லாவில் தோட்டங்காடுகளில் களையெடுத்த தாய்மார்களை இச்சட்டம் எட்டவே இல்லை. அவர்தம் மக்களுக்குக் கிடைத்தது, காமராஜர் 1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு ஒன்றே.