பிக்கிலா ஏன் வெறுங்காலோட ஓடினார்?

1960 செப்டம்பர் 10, ரோம் ஒலிம்பிக் மாரத்தான். அடிடாஸ்கிட்ட மிச்சமிருந்த ஷூ எதுவும் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலாவுக்குச் சரியா உட்காரல. வெறுங்காலோட இறங்கிட்டார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. தங்கம்!

இதை வச்சு "ஷூவே தேவையில்லை"ன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது சரியாப் படல. 1964 டோக்கியோவில் அதே பிக்கிலா ஷூ போட்டு 2:12:11-ல ஓடி, மறுபடி தங்கம் வாங்கினார். ரோம்ல பிரச்சினை, அளவு சேராததுதான்.

சேராட்டி என்ன ஆகும்? ரொம்ப தூரம் ஓடும்போது பாதம் வீங்கும். ஒவ்வொரு அடிக்கும் விரல் ஷூவோட முனையில இடிக்கும். இறக்கத்துல இன்னும் மோசம். நகத்துக்கு அடியில ரத்தம் கட்டி கறுத்துடும். சிலருக்கு நகமே கழண்டுடும். கட்டைவிரல் நகம் முழுசா வளர ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகும். அமெரிக்காவின் அல்ட்ரா ஓட்டக்காரர் மார்ஷல் உல்ரிச், தொல்லையே வேணாம்னு கால் நகங்களை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டார்!

நமக்கு அவ்வளவு தூரம் வேணாம். ஷூ வாங்க சாயங்காலமா, ஓடுற சாக்ஸோட போங்க. விரல் முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். நகத்தை நேரா, குட்டையா வெட்டுங்க. கறுத்த நகத்தை நீங்களே பிடுங்காதீங்க. வலி தாங்கலைன்னாலும், அடியே படாம கறுத்திருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.