கயிறு கட்டி இழுத்த காலம்

ஹைதராபாத்தில் பஞ்சாகுட்டாவிலிருந்து புறப்பட்டு அமீர்பேட், சஞ்சீவரெட்டி நகர், எர்ரகட்டா, மூசாப்பேட், கூக்கட்பள்ளி என்று வடமேற்கே நீளும் வீதியை இன்று மெட்ரோ ரயிலின் தூண்களுக்கிடையே அங்குலம் அங்குலமாகக் கடப்பவர்களுக்கு, அது நிஜாமின் பிரபுக்களான பைகா அமீர்களின் ஜாகீராக இருந்த அமீர்பேட் கிராமத்தின் ஓரமாக ஜஹீராபாத், ஹும்னாபாத், சோலாப்பூர் வழியே புணேயை நோக்கிச் சென்ற பம்பாய் மார்க்கம் என்பதையும், நெடுங்காலம் 9 என்றும் பிற்பாடு 65 என்றும் இலக்கம் பெற்ற தேசிய நெடுஞ்சாலை என்பதையும் நினைவில் வைப்பது சிரமந்தான். அந்த மார்க்கத்தில் ஓடிய மோட்டார்களின் முகப்பில், பம்பருக்குக் கீழே, யாரும் குனிந்து பாராமல் தொங்கிக்கொண்டிருந்த ஓர் இரும்பு வளையத்தின் சரித்திரத்தைச் சொல்ல, ஏழைக்கும் பிரபுவுக்கும் லாரிக்காரனுக்கும் பொதுவாக இருந்த இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தென்படவில்லை.

அமீர்பேட்டுக்கு அடுத்த பேகம்பேட் ரயில் நிலையம் வாடி சந்திப்பிலிருந்து சிகந்திராபாத் வரும் பாதையில் இருக்கிறது. 1874-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதைதான் நிஜாம் ராஜ்யத்தைப் பம்பாய்த் துறைமுகத்தோடு பிணைத்தது. சீமையில் செய்த மோட்டார்கள் கப்பலிலிருந்து இறங்கி ரயிலேறிப் பிரயாணம் செய்த அந்நாளில், அவற்றைத் திறந்த வாகனில் ஏற்றிக் கட்டுவதற்குத் தனியாக ஒரு துவாரமும் வேண்டியிருக்கவில்லை. அக்கால மோட்டார் மாட்டுவண்டியின் நேர்ச் சந்ததி: தடித்த எஃகுச் சட்டம் ஒன்று அடியில் கிடக்கும், அதன்கீழ் குறுக்கே ஒரே துண்டாக அச்சு, இரண்டுக்கும் நடுவே பட்டைப் பட்டையாக அடுக்கிய வில். எங்கே கயிற்றைச் சுற்றினாலும் அந்த இடம் தாங்கும். ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் வாங்க உத்தரவிட்டு, 1911-இல் அவர் காலமானபின் குமாரர் உஸ்மான் அலி கான் கைக்கு வந்து, இன்று சௌமகல்லா அரண்மனையில் மஞ்சள் வர்ணத்தோடு வீற்றிருக்கும் ரோல்ஸ் ராய்ஸும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. சிம்மாசனம் பொருத்திய அந்த வாகனத்தைக் கட்டியிழுக்க வேண்டுமென்றாலும், ஒரு முழம் கயிறும் நாலு மாடுகளும் போதுமானவையாக இருந்திருக்கும்.

மாடுகளைச் சொன்னது பரிகாசத்துக்காக அல்ல. பாலமில்லாத ஓடைகளும், மழைக்காலத்தில் சேறாகிவிடும் கரிசல் தடங்களும் நிறைந்த தக்காணத்தில், நின்றுபோன மோட்டாரைக் கரையேற்றிய முதல் யந்திரம் அக்கம்பக்கத்து விவசாயியின் ஏர்மாடுதான். அமெரிக்காவில் சாட்டனூகா நகரத்து எர்னெஸ்ட் ஹோம்ஸ், ஓடையில் விழுந்த நண்பர் ஒருவரின் காரைப் பலர் கூடித் தூக்கப் பட்ட பாட்டைக் கண்டு, 1916-இல் பாரந்தூக்கி பூட்டிய மீட்பு வண்டியைச் செய்தார் என்பது பிரசித்தம். நம் பக்கத்தில் அந்த வண்டி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பும் பின்பும் மாடே அந்த உத்தியோகத்தைப் பார்த்தது. சட்டத்தின்மேல் கூடு கட்டிய பஸ்களும் பிறகு அந்தத் தடங்களுக்கு வந்தன: நிஜாம் அரசின் ரயில்வே இலாகா 1932-இல் 27 பஸ்களுடன் சாலைப் போக்குவரத்தை ஆரம்பித்தது. ஸ்காட்லாந்தின் ஆல்பியன் கம்பெனி செய்த அவ்வண்டிகளில் ஒன்றைப் பிற்காலத்துப் போக்குவரத்துக் கழகம் ஞாபகார்த்தமாகப் பாதுகாத்து வைத்தது.

1942-இல் அரசின் கைத்தொழில் நிதியும் ஒரு தனியார் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்த ஹைதராபாத் ஆல்வின் தொழிற்சாலை, அமீர்பேட்டைத் தாண்டிய சனத்நகரில் பஸ்களுக்குக் கூடு கட்டியது. அதன் குளிர்ப்பெட்டிகளையும் கைக்கடிகாரங்களையும் நினைவு வைத்திருப்போர், இதே மார்க்கத்தில் ஜஹீராபாதில் ஜப்பானிய நிஸ்ஸானுடன் சேர்ந்து அது லாரியும் செய்ததை மறந்துவிட்டார்கள். சட்டத்தின்மேல் கூடு என்ற அந்த முறை இருந்தவரையில், கொக்கி மாட்ட இடம் தேட வேண்டிய அவசியம் எழவில்லை.

அம்பாஸடரும் பத்மினியும் ஆட்சி செய்த தசாப்தங்களில் இழுத்துச் செல்வது ஒரு தொழிலாக இருக்கவில்லை. அது ஓர் ஆசாரமாக இருந்தது. ரேடியேட்டர் கொதித்தோ, பெட்ரோல் பம்ப் மக்கர் செய்தோ சாலையோரம் நின்ற காருக்கு, பின்னால் வருகிற லாரி டிரைவர் எந்த ஊர்க்காரனாயினும் தன் கயிற்றை எடுத்து இறங்குவான். இரும்பு பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டிலோ முன் குறுக்குச் சட்டத்திலோ முடிச்சு விழும். கார்க்காரர் கியரை நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தன் எதிரே நாலு கஜத்தில் ஆடும் லாரியின் பின்பலகையை வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி மெக்கானிக் ஷெட் வரையில் போவார். இதில் ஒரு வித்தை உண்டு. கயிறு தொய்ந்தால் அடுத்த இழுப்பில் படீரென்று அறுந்துவிடும் என்பதால், பிரேக் போடும் வேலையைப் பின்னால் உள்ளவரே இரு வண்டிகளுக்கும் சேர்த்துச் செய்து, கயிற்றை விறைப்பாகவே வைத்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்தால் வாங்குவது அரிது. ஒரு டீ குடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை.

சட்டமும் இந்த ஆசாரத்தை அறிந்தே இருந்தது. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிமுறைகள், இழுக்கப்படும் வண்டியில் லைசென்ஸ் உடைய ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும், இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மிகலாகாது, கயிறு பிறர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், பின்புறத்தில் 75 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் அறிவிப்புப் பலகை தொங்க வேண்டும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றெல்லாம் விஸ்தாரமாக வகுத்தன. அந்த அறிவிப்புப் பலகையை நான் எங்கும் கண்டதில்லை. ஒரு மரக்கிளையோ சிவப்புத் துணியோ அதன் ஸ்தானத்தை வகித்தது.

மாறுதல் மாருதியோடு வந்தது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த அந்தச் சிறிய கார், அம்பாஸடரையும் பத்மினியையும் போலவே தனிச் சட்டம் இல்லாமல், ஆனால் அவற்றைவிட மெல்லிய தகடுகளை மடித்து ஒட்டிய கூடே முழுப் பாரத்தையும் தாங்கும்படி அமைந்தது. இப்படிப்பட்ட உடலில் கண்ட இடத்தில் கயிறு போட்டால் தகடு கிழியும். ஆகவே தகடு கனத்திருக்கும் ஓரிடத்தில் கொக்கியைப் பற்றவைத்து, இழுப்பதானால் இங்கேதான் இழு என்று காட்ட வேண்டியதாயிற்று. வேறொரு ஜாதி வளையமும் கூடவே வந்தது. மாருதியின் மூலகர்த்தாக்களும் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்களுமான ஜப்பானியர், அலையில் கப்பல் புரளும்போது கார் நகராதபடி தளத்தோடு இறுக்கிக் கட்டுவதற்கென்று முன்னும் பின்னும் கண்களைப் பொருத்தினார்கள். இவை கீழ்நோக்கிய இழுப்பைத் தாங்கப் பிறந்தவை. நேர்முன்னே ஒரு லாரி வெடுக்கென்று இழுத்தால் வளையும், அல்லது பெயர்ந்து வரும். கையேடுகள் இந்த வித்தியாசத்தைச் சொல்லி எச்சரித்தன. ஆனால் நடுச்சாலையில் குனிந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே இரும்பு வளையமாகத்தான் தெரிந்தன.

பிறகு வளையமே மறையத் தொடங்கியது. பிரான்சில் 1972-இல் வந்த ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பர் அணிந்து வந்தது. சில வருஷங்களில் உலகமெங்கும் பம்பர் என்பது இடியைத் தாங்கும் இரும்பு என்ற நிலையை விட்டு, காரின் வர்ணமே பூசிய முகத்தோலாகிவிட்டது. அந்தத் தோலுக்குக் கீழே துருப்பிடித்த கொக்கி ஒன்று எட்டிப் பார்ப்பதை அலங்கார நிபுணர்கள் விரும்பவில்லை. நடந்து செல்வோர்மேல் கார் மோதினால் முழங்காலைக் கிழிக்கும் இரும்பு வெளியே நீட்டிக்கொண்டிராமல் இருப்பது நல்லது என்ற நியாயமும் கூடவே இருந்தது. ஆனால் ஐரோப்பிய சமூகம் 1977-இல் இயற்றிய விதி, ஒவ்வொரு மோட்டாரின் முன்புறத்திலும் இழுக்கும் சாதனம் இருந்தே ஆகவேண்டும் என்றும், வண்டியின் உச்ச எடையில் பாதிக்குச் சமமான விசையை அது தாங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டிருந்தது. இரு தரப்பையும் திருப்தி செய்ய எஞ்சினீயர்கள் கண்ட சமரசம், பம்பரில் ஒரு சிறு மூடி, உள்ளே மரையிட்ட குழாய், டிக்கியில் ஸ்டெப்னியோடு ஒரு திருகுவளையம் என்பதே. துவாரம் வண்டியில் இருக்க, கொக்கி கருவிப்பையில் குடியேறியது. ஸ்கோடா போன்ற சில ஐரோப்பிய வண்டிகளில் இந்த மரை இடப்புறமாகத் திருகினால்தான் ஏறும். மழையில் நனைந்துகொண்டு வலப்புறமாகத் திருகித் திருகிச் சலித்தவர்களின் சாபம் ஆலைகளை எட்டியதாகத் தெரியவில்லை.

கப்பலுக்கும் ரயிலுக்கும் கட்டும் கண்கள் போன கதை இன்னும் சுருக்கம். உடலைக் கட்டினால் வில்கள் அமுங்கி எழும்போதெல்லாம் கட்டுத் தளரும்; சக்கரத்தைக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டு வைத்து, டயர்மேல் பட்டையைப் போட்டு இறுக்கும் முறை பரவியதும் அடிக்கண்களுக்கு வேலை குறைந்தது. 1955-இல் பெரம்பூரில் ஆரம்பித்த ஐ.சி.எஃப். செய்த பயணிப் பெட்டிகள் வயதானபின், சாளரங்களை அடைத்து, கோடியில் கதவு வைத்து, கார் ஏற்றும் வாகன்களாக மாற்றப்படுகின்றன. நாம் மடியில் கூஜாவை வைத்துக்கொண்டு பிரயாணம் செய்த பெட்டியிலே இன்று புதுக் கார்கள் முட்டுக்கட்டைகளுக்கிடையே அமர்ந்து போகின்றன.

அமீர்பேட்டில் மைத்ரிவனம் என்ற கட்டடத்தையொட்டிய வீதி நல்ல மழைக்கு ஏரியாகிவிடும் இயல்புடையது. 2000 ஆகஸ்ட் 24-இல் பேகம்பேட் வானிலை நிலையம் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் மழையைப் பதிவு செய்த காலத்தில், நகரத்து வீதிகளில் நிலையான கொக்கியோ இரும்பு பம்பரோ உடைய கார்களே மிகுதி. 2020 அக்டோபர் 13, 14 தேதிகளின் பெருமழை வந்தபோது அவை அருகிவிட்டன. நீரில் நின்ற புதுக் காரைக் கயிறு கட்டி இழுக்க ஆளிருந்தாலும், கயிற்றைக் கட்ட இடமில்லை. மூடி எங்கே என்று பலருக்குத் தெரியாது. பழைய கார் சந்தையில் கைமாறிய வண்டியில் திருகுவளையம் எந்தச் சொந்தக்காரரோடு போயிற்றோ தெரியாது. அதே வருஷம் ஜூலையில், பஞ்சர் ஒட்டும் சாதனமும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. ஸ்டெப்னிக் குழிதான் அந்த வளையத்தின் வீடாக இருந்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

தயாரிப்பாளர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. எஞ்சின் ஓடாதபோது இன்றைய காரின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்; ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி எண்ணெய் ஓட்டமில்லாமல் சுழன்றால் கெடும்; மின்சாரக் காரின் சக்கரம் உருண்டால் மோட்டார் தானே மின்சாரத்தை உற்பத்தி செய்யத் தொடங்கும். ஆகவே போனில் அழைத்தால் தட்டைப் பலகை லாரி வந்து, நாலு சக்கரங்களையும் தரைக்கு மேலே ஏற்றிக்கொண்டு போவதே க்ஷேமம் என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கியரைக் கையால் மாற்றும் சாதாரண பெட்ரோல் கார்கள் இன்னும் லட்சக்கணக்கில் ஓடும் தேசத்தில், நூறு ரூபாய் இரும்பை மிச்சம் பிடித்ததற்கு மின்சாரக் காரைச் சாட்சிக்கு அழைப்பது எனக்குச் சம்மதமில்லை. பின்னால் வருகிறவன் உதவுவான் என்ற எதிர்பார்ப்பை வைத்து வண்டி செய்த வழக்கம் போய், சந்தா கட்டிய கம்பெனி உதவும் என்ற எதிர்பார்ப்பு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

இதனிடையே காட்டிலும் மேட்டிலும் ஓடும் ஜீப் ஜாதி வாகனங்கள் மட்டும் கொக்கியை விடவில்லை. மாருதி ஜிப்ஸியின் முன்புறத்துக் கொக்கிகளைப் பட்டாளத்தில் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தக் கம்பீரத்தில் மயங்கியோ என்னவோ, இப்போது கார் அலங்காரக் கடைகளில் சிவப்பு வர்ணத்தில் இழுவைக் கொக்கிகள் விற்பனைக்குத் தொங்குகின்றன. பிளாஸ்டிக்கில் செய்த அவற்றைப் பின்புறத்துப் பசையால் பம்பரில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு சைக்கிளைக்கூட அவற்றால் இழுக்க முடியாது.